உலோகத்தோடு உலோகம் உரசும் இடுப்பு மூட்டு: 15 வருடம் கழித்து நோ வந்தால் என்ன செய்வது?

உப்புவெளிக்காரி எழுதியது:

வணக்கம் எல்லோருக்கும். அம்மாவுக்கு 2008 இல் சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வலது இடுப்பு மூட்டு மாற்றினோம். அப்போது அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது, அவ்வளவுதான். வயது குறைவு என்பதால் உலோகக் கிண்ணம், உலோக உருண்டை, அதுவும் பெரிய உருண்டை, கழன்று போகாது, தேயாது, ஆயுளுக்கும் வரும் என்று சொல்லித்தான் போட்டார்கள். உண்மையைச் சொன்னால் பத்து வருடத்துக்கு மேல் ஒரு குறையும் இல்லை, கோணேசர் கோயில் ஏற்றத்தைக் கூட என்னை விட வேகமாக ஏறுவார். போன வருடத்தில் இருந்து கவட்டுக்குள் ஒரு நோ, கதிரையை விட்டு எழும்பும்போது கூடுதலாக. இங்கே எக்ஸ்ரே எடுத்துக் காட்டினோம். எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது, வயதுக்கு வரும் நோதான், பனடோல் போடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். லண்டனில் இருக்கும் மச்சாள் ஒருத்தி, இந்த வகை மூட்டு என்றால் இரத்தத்தில் கோபால்ட் பார்க்க வேணும், எக்ஸ்ரேயை நம்பாதே என்கிறாள். உண்மையிலேயே அப்படி ஒன்று இருக்கிறதா, இல்லை வெளிநாட்டுக்காரர் பயமா?

லண்டன் தாதி எழுதியது:

தங்கச்சி, நான் திருமலைதான், இங்கே எலும்பு சத்திரசிகிச்சைத் தியேட்டரில் வேலை. உங்கள் மச்சாள் சொல்வது சரி, ஆனால் அதற்கு முன்னால் உள்ளே என்ன வகை மூட்டு இருக்கிறது என்பதை உறுதிப்படுத்துங்கள், ஏனென்றால் இந்த விஷயத்தில் பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஊரில் "இரும்பு மூட்டு" என்று சொல்லப்படுவதில் பெரும்பாலானவை உலோக உருண்டையும் பிளாஸ்டிக் கிண்ணமும்தான். விழுந்து எலும்பு முறிந்த வயதானவர்களுக்குப் போடுவது பாதி மூட்டு, அதில் செயற்கைக் கிண்ணமே கிடையாது, உருண்டை சொந்தக் குருத்தெலும்பின் மேல் உரசும். இந்த இரண்டுக்கும் நாங்கள் கதைக்கிற பிரச்சினை அப்படியே பொருந்தாது. உருண்டையும் கிண்ணமும் இரண்டுமே கோபால்ட்-குரோமியம்-மொலிப்டினம் கலவையாக இருந்தால்தான் இந்தக் கதை.

சென்னை டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். அதோடு அல்லது ஒப்பரேஷன் குறிப்போடு சின்னச் சின்ன ஸ்டிக்கர்கள் ஒட்டியிருக்கும், ஒவ்வொரு பாகத்துக்கும் ஒன்று, பெயரும் அளவும் லொட் இலக்கமும் இருக்கும். கிண்ணத்துக்கு உள்ளே போடும் பிளாஸ்டிக்குக்குத் தனி ஸ்டிக்கர் இருந்தால் பாதிக் கவலை போய்விடும். எக்ஸ்ரேயிலும் கொஞ்சம் பிடிபடும்: பிளாஸ்டிக் படத்தில் விழாது, அதனால் உருண்டைக்கும் வெளிக் கிண்ணத்துக்கும் நடுவில் ஒரு கறுப்பு இடைவெளி தெரியும். உங்கள் அம்மாவின் படத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே வெள்ளையாகத் தெரிந்தால் அது உலோகத்தோடு உலோகம்தான் என்று நினைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

பாலையூற்றான் எழுதியது:

அக்கா, கோபிக்க வேண்டாம், ஆனால் இதெல்லாம் அமெரிக்க வக்கீல்மார் கிளப்பிவிட்ட கதை. உலகம் முழுக்க லட்சக்கணக்கில் போட்டார்கள், கொஞ்சப் பேருக்குப் பிழையாகிப் போனது, உடனே வழக்கு, உடனே நட்டஈடு. அறுபது தாண்டினால் கவட்டில் நோகத்தான் செய்யும், எனக்கும் நோகிறது, எனக்கு எந்த மூட்டும் மாற்றவில்லை. அம்மாவைக் கன்னியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஏழு கிணற்றுத் தண்ணீரையும் ஊற்றிவிடுங்கள்.

மெல்பர்ன் மச்சான் எழுதியது:

பாலையூற்றான் அண்ணை, இதை முதலில் கண்டுபிடித்தது வக்கீல்கள் இல்லை, பதிவேடுகள். அவுஸ்திரேலியாவில் 1999 இல் இருந்து மாற்றும் ஒவ்வொரு மூட்டையும் ஒரு தேசியப் பதிவேட்டில் எழுதி வைக்கிறார்கள், எந்த மொடல், எப்போது போட்டது, எப்போது திரும்பத் திறந்தார்கள் என்று. அதில் டிபியூ கம்பனியின் ஏஎஸ்ஆர் என்ற மொடல் மற்றவற்றை விடக் கூடுதலாகத் திரும்ப வருகிறது என்று வருடா வருடம் தெரிந்துகொண்டே வந்தது. 2009 கடைசியில் இங்கே விற்பனையை நிறுத்தினார்கள், 2010 ஓகஸ்டில் உலகம் முழுக்க மீளப் பெற்றார்கள். அதற்குள் ஏறத்தாழ 93,000 பேரின் உடம்பில் ஏறிவிட்டது. மீளப் பெறும்போது கம்பனி காட்டிய பிரிட்டிஷ் பதிவேட்டுக் கணக்கே ஐந்து வருடத்தில் நூற்றுக்கு 12, 13 பேருக்கு மறு சத்திரசிகிச்சை. பிற்பாடு அமெரிக்க வழக்கில் வெளியே வந்த கம்பனியின் சொந்த உள் மதிப்பீடு, 2011 இல் போட்டது, அதே காலத்துக்குள் நூற்றுக்கு 37 என்கிறது. வக்கீல்கள் வந்தது பதிவேட்டுக் கணக்குகளுக்குப் பிறகு.

இன்னொன்று. இந்த யோசனை புதிது இல்லை. இங்கிலாந்தில் மக்கீ என்ற எலும்பு டொக்டர் 1960களிலேயே உலோகத்தோடு உலோகம் போட்டார். அங்கேயே சார்ன்லி என்ற இன்னொரு டொக்டர் 1962 இல் பொலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக்கில் கிண்ணத்தைக் கொண்டு வந்ததும் அது பின்னுக்குப் போய்விட்டது. ஆனால் பழைய பிளாஸ்டிக் தேய்ந்து, அந்தத் துகள் எலும்பை அரித்தது. இளம் வயதுக்காரருக்கு என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது 90களில் பழைய யோசனையைத் தூசி தட்டி எடுத்தார்கள், பெரிய உருண்டை, நல்ல மினுக்கு, நடுவில் ஒரு திரவப் படலம் நின்று இரண்டையும் பிரித்து வைக்கும் என்று. பரிசோதனை இயந்திரத்தில் அப்படித்தான் நின்றது. மனிதருக்குள் கிண்ணம் கொஞ்சம் செங்குத்தாகப் போய்விட்டால் உருண்டை கிண்ணத்தின் விளிம்பில் மட்டும் உரசுகிறது, செருப்பு ஒரு பக்கம் மட்டும் தேய்வது மாதிரி, அங்கே படலமும் இல்லை ஒன்றும் இல்லை. ஏஎஸ்ஆரின் கிண்ணம் அரைக் கோளத்தை விடக் குறைவு, அதனால் விளிம்பு இன்னும் கிட்ட வந்துவிட்டது.

கிண்ணியா நானா எழுதியது:

நான் இங்கிலாந்தில் கடை வைத்திருந்த காலத்தில், 2006 இல், பர்மிங்ஹாம் வகை போட்டேன், தொடை எலும்பின் மேல் தலையை மட்டும் சீவி உலோகத் தொப்பி போடுவார்களே அது. இன்று வரை அல்ஹம்துலில்லாஹ், தொழுகையில் ருகூ, சுஜூது எல்லாம் தடையில்லாமல் போகிறது, காலையில் கிண்ணியாப் பாலத்தில் நடக்கிறேன், மோட்டார் சைக்கிளும் ஓடுகிறேன். கோபால்ட் கடைசியாகப் பார்த்தபோது லீற்றருக்கு 2 மைக்ரோகிராமுக்குள். அதனால் எல்லோரையும் ஒரே கூடையில் போட்டுப் பயமுறுத்த வேண்டாம். டென்னிஸ் ஆடிய அன்டி மறே கூட 2019 இல் இதே மாதிரித் தொப்பி போட்டுவிட்டு அதே வருடம் ஒரு போட்டியை வென்றார்.

லண்டன் தாதி எழுதியது:

நானா, உங்களுக்குச் சரிவந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. நீங்கள் ஆண், எலும்பு பெரிது, உருண்டை ஐம்பது மில்லிமீற்றருக்கு மேல் இருந்திருக்கும். நல்ல கையில், நல்ல கோணத்தில், பெரிய உருண்டை போட்ட ஆண்களுக்கு அந்த பர்மிங்ஹாம் வகை இன்றைக்கும் நன்றாகத்தான் ஓடுகிறது, அதை யாரும் மறுக்கவில்லை. அதே மூட்டைப் பெண்களுக்குப் போட்டால் கணக்கு வேறு. 2015 இல் அந்தக் கம்பனியே பெண்களுக்கும் 46 மில்லிமீற்றரும் அதற்குக் குறைந்த அளவும் தேவைப்படுகிற ஆண்களுக்கும் போடுவதை நிறுத்தியது.

தொப்பி வகைக்கும் முழு மூட்டு வகைக்கும் இன்னொரு வித்தியாசம். முழு மூட்டில் தொடை எலும்புக்குள் ஒரு தண்டு இறங்கும், அதன் கழுத்தில் உருண்டையைக் கொழுவுவார்கள். அந்தக் கொழுவும் இடத்திலும் உரசலும் அரிப்பும் நடக்கிறது. தொப்பி வகையில் பெரிய உருண்டை நல்லது, தண்டு வகையில் உருண்டை பெருக்கப் பெருக்க கெதியாகப் பழுதாகிறது. 2012 இல் பிரிட்டிஷ் பதிவேட்டில் இருந்த நான்கு லட்சம் மூட்டுகளைப் பார்த்து வெளிவந்த ஆய்வு இதைத்தான் காட்டியது, அதிலும் பெண்களுக்கு மோசம். தங்கச்சி, அம்மாவுக்கு எது?

உப்புவெளிக்காரி எழுதியது:

அலுமாரிக்கு மேலே இருந்த பைலில் ஸ்டிக்கர் இருந்தது, மழையில் கொஞ்சம் ஊறியிருந்தாலும் வாசிக்க முடிகிறது. கம்பனிப் பெயரை இங்கே போடவில்லை, ஏஎஸ்ஆர் இல்லை. தண்டு இருக்கிறது, உருண்டை 44 மில்லிமீற்றர், பிளாஸ்டிக் என்று ஒன்றுமே இல்லை. எக்ஸ்ரேயிலும் நீங்கள் சொன்ன கறுப்பு இடைவெளி இல்லை, முழுவதும் ஒரே வெள்ளை. அப்புறம் இன்னொன்று கேட்க வேணும், போன வருடத்தில் இருந்து அம்மாவுக்குக் காதுக்குள் இரைச்சல் என்கிறார், நாங்கள் பிரஷர் என்று விட்டுவிட்டோம். இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்குமா?

லண்டன் தாதி எழுதியது:

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அதனால்தான் இரத்தம் பார்க்கச் சொல்கிறேன். பெண், தண்டு வகை, பெரிய உருண்டை, கவட்டில் நோ. இங்கே இப்படி ஒருவர் வந்தால் எக்ஸ்ரேயோடு அனுப்பவே மாட்டார்கள். மருந்தையும் மருத்துவக் கருவிகளையும் ஒழுங்குபடுத்தும் பிரிட்டிஷ் அமைப்பின் அறிவுறுத்தல் 2010 இல் தொடங்கி 2012 இலும் 2017 இலும் இறுகிக்கொண்டே வந்தது, இப்போது இந்த வகைக்கு நோ இல்லாவிட்டாலும் ஆயுளுக்கும் வருடா வருடம் பார்க்க வேண்டும்.

ஏன் எக்ஸ்ரே போதாது என்றால், இந்த மூட்டுகள் பல நேரம் கழன்று பழுதாவதில்லை. உரசலில் வரும் துகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது, எண்ணிக்கையில் கோடி. அதற்கு உடம்பு காட்டும் எதிர்ப்பில் மூட்டைச் சுற்றித் திரவம் சேர்கிறது, சதை செத்துப்போகிறது, சிலருக்குக் கட்டி மாதிரியே ஒன்று வளர்கிறது. ஒக்ஸ்போர்ட் டொக்டர்கள் 2008 இல் அதைப் போலிக் கட்டி என்று எழுதினார்கள், அது புற்றுநோய் இல்லை. எக்ஸ்ரேயில் உலோகமும் எலும்பும் நேராகவே நிற்கும், பக்கத்தில் சதை அழிந்துகொண்டிருக்கும். அதைப் பார்க்க உலோக நிழலைக் குறைக்கும் முறையில் எம்ஆர்ஐ எடுக்க வேணும். சாதாரண எம்ஆர்ஐ எடுத்தால் மூட்டு இருக்கிற இடம் முழுக்க ஒரு கறுப்புப் பொட்டல்தான் வரும், காசு வீண். கொழும்பில் பதியும்போதே அந்த முறை இருக்கிறதா என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் இந்த வேலை தெரிந்தவர் செய்யும் அல்ட்ராசவுண்டும் பரவாயில்லை, திரவமும் கட்டியும் அதில் தெரியும்.

இரத்தத்துக்கு: கோபால்ட், குரோமியம் இரண்டும் கேளுங்கள். சுவட்டு உலோகம், அதாவது இரத்தத்தில் மிகச் சின்ன அளவில் இருக்கும் உலோகம், பார்ப்பதற்கென்று தனிக் குழாய் இருக்கிறது, கடும் நீல மூடி போட்டது. சாதாரணக் குழாயில் எடுத்தால் குழாயில் இருக்கும் உலோகமே கணக்கில் ஏறிவிடும். ஊசியும் உலோகம்தான், அதனால் முதல் குழாய் இரத்தத்தை வேறு பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு இரண்டாவதை இதற்கு எடுப்பார்கள். ஆய்வுகூடத்தில் இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

முடிவு வரும்போது அலகைப் பாருங்கள். இதற்கு மேல் போனால் கவனிக்க வேணும் என்று அந்தப் பிரிட்டிஷ் அமைப்பு சொல்லும் எல்லை 7, அது லீற்றருக்கு மைக்ரோகிராமில். சில ஆய்வுகூடங்கள் நானோமோலில் கொடுக்கும், அதில் கோபால்ட்டுக்கு அதே எல்லை 119, குரோமியத்துக்கு 134.5. 40 என்று பார்த்துவிட்டு ஒருவர் இங்கே அழுதுகொண்டு வந்தார், நானோமோலில் 40 என்றால் மைக்ரோகிராமில் இரண்டு சொச்சம்தான். மூட்டு எதுவும் இல்லாதவருக்கு மைக்ரோகிராம் கணக்கில் ஒன்றுக்கும் கீழே இருக்கும். 7 க்குக் கீழே என்றால் தப்பித்தோம் என்றும் இல்லை, குறைந்த அளவிலேயே சதை அழிந்தவர்களை நான் தியேட்டரில் பார்த்திருக்கிறேன், அதனால் இரத்தமும் ஸ்கானும் சேர்ந்துதான்.

சிறுநீரகம் எப்படி? கோபால்ட் சிறுநீரில்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் பழுது என்றால் உரசல் குறைவாக இருந்தாலும் இரத்தத்தில் தேங்கும். பதவியா, மெதவாச்சிப் பக்கத்துச் சனத்துக்கு இருக்கிற சிறுநீரகப் பிரச்சினையை நினைத்தால், அந்தப் பக்கம் யாருக்காவது இந்த மூட்டு இருந்தால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினையும் சேர்த்துப் பார்க்க வேணும்.

பிசியோ தம்பி எழுதியது:

இங்கே கிளினிக்கில் வேலை செய்கிறவன் என்ற முறையில் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். நோவை மட்டும் பார்க்காதீர்கள், நடையைப் பாருங்கள் அக்கா. அம்மாவை அந்தக் காலில் தனியாக நிற்கச் சொல்லுங்கள், பக்கத்தில் பிடிக்க ஆள் வேண்டும். இடுப்பு மறுபக்கம் சரிந்தால் தொடையைப் பக்கவாட்டில் தூக்கும் சதை பலம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். அந்தச் சதை அழிந்த பிறகு எவ்வளவு நல்ல மூட்டை மாற்றிப் போட்டாலும் நொண்டுவது நிற்காது, புது மூட்டு கழன்று விழுகிற ஆபத்தும் கூடும். "இன்னும் தாங்க முடிகிறது, தாங்க முடியாதபோது மாற்றலாம்" என்ற எங்கள் ஊர்ப் பழக்கம் முழங்காலுக்குச் சரி, இதற்குச் சரிவராது. எண்ணெய் போட்டு உரஞ்சுவதையும் இப்போதைக்கு நிறுத்துங்கள்.

பாலையூற்றான் எழுதியது:

சரி, இரத்தத்தில் உலோகம் ஏறுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அதை இறக்க மருந்து இருக்கும்தானே? எனக்குத் தெரிந்த ஒருவர் நாட்டு மருந்தில் உலோக நஞ்சை முறிக்கிறார். கத்தியை எடுக்க முதல் அதைப் பார்க்கலாமே.

மெல்பர்ன் மச்சான் எழுதியது:

அண்ணை, உள்ளே நாள் முழுக்க உலோகம் உதிர்ந்துகொண்டிருக்கும்போது வெளியே எதை முறித்து என்ன? மூட்டை எடுத்தால் கோபால்ட் தானாகவே சில வாரம், சில மாதத்தில் இறங்குகிறது, குரோமியம் கொஞ்சம் மெதுவாக. எடுக்காமல் இறக்கிய கதை எங்கும் நிரூபணம் ஆகவில்லை. நாட்டு மருந்தில் பஸ்பம் என்று போவதே உலோகம்தான், சிறுநீரகத்தையும் சேர்த்துக் கெடுத்துவிட்டு நிற்க வேண்டி வரும்.

கோபால்ட் என்ன செய்யும் என்பதற்குக் கனடாவில் ஒரு பழைய கதை இருக்கிறது. 1960களில் கியூபெக்கில் பியரின் நுரை நிற்க வேண்டும் என்று கோபால்ட் உப்பைக் கலந்தார்கள், நிறையக் குடித்தவர்களுக்கு இதயத் தசை பழுதாகிப் பலர் செத்துப்போனார்கள். மூட்டுக்கு வந்தால், அலாஸ்காவில் ஸ்டீபன் டவர் என்ற எலும்பு டொக்டர் தனக்கே ஏஎஸ்ஆர் போட்டுக்கொண்டவர். காதிரைச்சல், கேள்வி குறைதல், இதயம் தளர்தல் எல்லாம் அவருக்கே வந்து, மூட்டை மாற்றிய பிறகு குறைந்ததை 2010 இல் எழுதினார். அப்படி உடம்பு முழுக்கப் பாதிக்கும் அளவுக்கு ஏறுவது அரிது, அவருடைய அளவு நூறைத் தாண்டியது. 7, 8 உள்ள ஒருவருக்கு வரும் மறதியை எல்லாம் கோபால்ட் என்று சொல்ல முடியாது.

உப்புவெளிக்காரி எழுதியது:

நட்டஈடு பற்றி யாராவது சொல்லுங்கள். சொந்தக்காரர் ஒருவர் இந்தியாவில் கோடிக்கணக்கில் கொடுக்கிறார்கள் என்று நிற்கிறார்.

மெல்பர்ன் மச்சான் எழுதியது:

அது ஏஎஸ்ஆருக்கு மட்டும். இந்தியாவில் ஏறத்தாழ 4,700 பேருக்கு அது போடப்பட்டது, நடுவண் அரசு 2018 இல் 30 லட்சத்தில் இருந்து 1.23 கோடி இந்திய ரூபாய் வரை ஒரு கணக்கு வகுத்தது, ஆளின் வயதும் ஊனத்தின் அளவும் வைத்து. அமெரிக்காவில் 2013 இல் ஏறத்தாழ 8,000 பேருக்கு 250 கோடி டொலர் என்று ஒப்புக்கொண்டார்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எரிச்சல் வரும். உங்கள் அம்மாவின் மொடல் வேறு என்பதால் இந்த வழி திறக்காது. ஆனால் நம் ஆட்கள் நிறையப் பேர் அந்தக் காலத்தில் சென்னைக்குப் போய்ச் செய்தவர்கள், 2004 தொடக்கம் 2010 வரைக்குள் செய்த யாராவது இதை வாசித்தால் ஸ்டிக்கரைத் தேடி எடுங்கள். இலங்கையில் இதற்குப் பதிவேடு வைத்து உங்களைத் தேடிப் பிடிக்க யாரும் வரமாட்டார்கள்.

உப்புவெளிக்காரி எழுதியது:

முடிவு வந்துவிட்டது. கோபால்ட் 11.4, குரோமியம் 6.2, இரண்டும் மைக்ரோகிராம் கணக்கில்தான், அலகை இரண்டு தரம் பார்த்தேன். கொழும்பில் அந்த விசேஷ முறையில் எம்ஆர்ஐ எடுத்தோம், மூட்டுக்கு முன்னால் திரவப் பை ஒன்று இருக்கிறது, சதை "ஓரளவு" மெலிந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். சிறுநீரகம் நல்லது, இதயத்துக்கு எக்கோவும் எடுத்தோம், பிரச்சினை இல்லை. அங்கே பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் மாற்றத்தான் வேணும் என்கிறார். அம்மா, "நடக்க முடிகிற காலை ஏன் வெட்ட வேணும்" என்று நிற்கிறார். நான் என்ன சொல்ல?

லண்டன் தாதி எழுதியது:

நடக்க முடிகிறபோதே செய்தால்தான் பிறகும் நடக்கலாம் என்று சொல்லுங்கள், பிசியோ தம்பி சொன்னதையும் காட்டுங்கள். போலிக் கட்டி பெருத்த பிறகு மாற்றியவர்களுக்கு விளைவு மோசம் என்று 2009 இலேயே ஒக்ஸ்போர்ட் குழு எழுதிவிட்டது, அதற்குப் பிறகு இங்கே எல்லோரும் கொஞ்சம் முன்கூட்டியே திறக்கிறார்கள். முதல் சத்திரசிகிச்சையை விட இது பெரிது, இரத்தப் போக்கு, கிருமித் தொற்று, கழன்று விழுவது எல்லாவற்றுக்கும் வாய்ப்புக் கூட, அதை அம்மாவுக்கு மறைக்க வேண்டாம்.

நிபுணரிடம் கேட்க வேண்டியவை: தண்டை எடுப்பாரா, விடுவாரா. தண்டு இறுக்கமாக இருந்தால், கழுத்தில் அரிப்பு மோசம் இல்லை என்றால், அதை விட்டுவிட்டு உருண்டையையும் கிண்ணத்தையும் மட்டும் மாற்றலாம், அது சின்ன வேலை. ஆனால் உங்கள் தண்டுக்குப் பொருந்தும் உருண்டை இன்னும் சந்தையில் கிடைக்கிறதா என்பது பெரிய கேள்வி, ஸ்டிக்கரைக் கையில் கொண்டு போங்கள். புதிதாகப் போடுவது பீங்கான் உருண்டையும் இப்போதைய உறுதியான பிளாஸ்டிக் கிண்ணமுமா என்று கேளுங்கள், இப்போது பெரும்பாலும் அதுதான். முன்னால் ஊசி வைத்துத் திரவம் எடுத்துக் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்களா என்றும் கேளுங்கள். உலோக எதிர்ப்பில் வரும் திரவமும் சீழ் மாதிரியே இருக்கும், பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு.

கிண்ணியா நானா எழுதியது:

மகள், உம்மாவுக்குத் துஆ செய்கிறேன். நானும் இரண்டு வருடமாக இரத்தம் பார்க்கவில்லை, இந்த மாதம் எடுக்கிறேன். கொழும்புக்கு இரவுக் கோச்சியில் போவதாக இருந்தால் படுக்கைப் பெட்டி கிடைக்கிறதா பாருங்கள், இருந்துகொண்டு போவது அந்த மூட்டுக்கு வேதனை.

பாலையூற்றான் எழுதியது:

எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை, ஆனாலும் என் மாமியாருக்கு 2014 இல் விழுந்து முறிந்து இங்கேயே ஒரு இரும்பு போட்டார்கள். அவருக்கும் இந்தக் கோபால்ட் பார்க்க வேணுமா?

லண்டன் தாதி எழுதியது:

எக்ஸ்ரேயைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் விழுந்து முறிந்து போட்டது என்றால் பெரும்பாலும் பாதி மூட்டு. அதில் உலோகத்தோடு உலோகம் உரசவில்லை, இரத்தம் தேவையில்லை. அவருக்குக் கவட்டில் நோ இருந்தால் கிண்ணப் பக்கத்துக் குருத்தெலும்பு தேய்கிறதா, தண்டு தளர்கிறதா என்று பார்க்க வேணும், அதற்கு எக்ஸ்ரே போதும். பழைய படம் இருந்தால் அதையும் கொண்டு போங்கள் அண்ணை, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தண்டு இறங்கியிருக்கிறதா என்று தெரியும்.